‘ஒன்னும் இல்ல’ என்று வந்த தாள்

மாணவர்களே, கோலா தெர்லாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாலை நேரம். மலையில் பனிமூட்டம் இறங்கிவிட்டது. கிளினிக் போய்த் திரும்பிய அம்மா, கைப்பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுக்கிறார். பாதி மலாய், பாதி ஆங்கிலம். படிவம் மூன்று படிக்கும் மகளிடம் நீட்டி, “என்னா போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லும்மா” என்கிறார்.

மகள் கைப்பேசியை எடுக்கிறாள். தாளில் இருக்கும் ‘செர்விக்ஸ்’, ‘கிளாண்டுலர்’, ‘லீஷன்’ ஆகிய மூன்று சொற்களையும் தட்டுகிறாள். திரை முழுக்கப் புற்றுநோய், புற்றுநோய் என்றே வருகிறது. அவள் முகம் வெளுக்கிறது. அதே தாளில் இன்னொரு சொல்லும் இருந்தது: ‘பெனைன்’. தீங்கற்றது என்று பொருள். பயத்தில் அவள் கண்ணில் அது படவில்லை.

இது நான் கற்பனை செய்த காட்சிதான். ஆனால் நம் வீடுகளில் பெரியவர்களுக்கு வரும் தாள்களை வாசித்துச் சொல்வது யார் என்று யோசியுங்கள். மின்கட்டண பில், பள்ளிக் கடிதம், மருத்துவமனைத் தேதி என்று எல்லாம் முதலில் உங்கள் கைக்குத்தான் வருகின்றன. ஆகவே இந்த வாரம் உங்களிடமே நேராகப் பேசுகிறேன்.

அந்தத் தாளை வைத்து வீடு இரண்டு விதமாக நடந்துகொள்ளலாம். ஒன்று, பயந்துபோய் அடுத்த தேதிக்குப் போகாமல் இருப்பது. இன்னொன்று, “ஒன்னும் இல்லையாம்” என்று நிம்மதியாகித் தாளை அலமாரியில் வைத்துவிட்டு, பத்து வருடம் பரிசோதனை என்ற பேச்சையே மறந்துவிடுவது. இரண்டுமே தவறு என்பதுதான் என் கருத்து. இரண்டாவதுதான் அதிக ஆபத்தானது என்றும் சொல்வேன். ஏனென்றால் பயம் வெளியே தெரியும், யாராவது ஆறுதல் சொல்லி அழைத்துப் போவார்கள். மெத்தனம் யார் கண்ணிலும் படாது.

இதைப் புரிந்துகொள்ள, அந்தத் தாள் எதைப் பற்றிப் பேசுகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். தம்பிகளே, இது பெண்கள் விஷயம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். அம்மாவும் அக்காவும் உங்களுக்கும் உண்டு.

எல்லையில் நடப்பவை

கருப்பையின் அடிப்பகுதி கழுத்துப்போல் குறுகி, யோனிக்குள் திறக்கிறது. இந்தப் பகுதியைத்தான் கருப்பை வாய் என்கிறோம். ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். இதன் வெளிப்புறத்தைத் தட்டையான உயிரணுக்கள், அதாவது தட்டைச் செல்கள், ஓடு வேய்ந்ததுபோல் பல அடுக்காக மூடியிருக்கின்றன. உள்ளே போகும் குறுகிய பாதையில் தூண்போல் நிமிர்ந்த செல்கள் ஒற்றை வரிசையில் நிற்கின்றன. இவைதாம் சுரப்பிச் செல்கள். வழவழப்பான ஒரு நீரைச் சுரப்பது இவற்றின் வேலை. அந்த நீர் பெரும்பாலான நாட்களில் கெட்டியாக இருந்து கிருமிகளைத் தடுக்கிறது. கருமுட்டை வெளிவரும் நாட்களில் நீர்த்துப்போய் விந்தணுவுக்கு வழிவிடுகிறது.

இரண்டு வகைச் செல்களும் சந்திக்கும் கோடு ஒரே இடத்தில் நிற்பதில்லை. பருவ வயதிலும் கர்ப்ப காலத்திலும் ஹார்மோன்களின் உந்துதலால் சுரப்பிச் செல்கள் வெளிப்பக்கம் நகர்கின்றன. பிறகு அதே இடத்தில் தட்டைச் செல்கள் வளர்ந்து அவற்றை மூடுகின்றன. தேயிலைச் செடிகளும் காடும் சேரும் ஓரத்தைப் பார்த்திருப்பீர்கள். எத்தனை முறை வெட்டினாலும் களை முதலில் தலைகாட்டுவது அங்கேதான். கருப்பை வாயில் வரும் மாற்றங்களும் நல்லது, கெட்டது எதுவானாலும் பெரும்பாலும் இந்த எல்லையில்தான் தொடங்குகின்றன.

முட்டை என்று நினைத்த மருத்துவர்

1707-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மார்ட்டின் நபோத் என்ற உடற்கூற்று அறிஞர், கருப்பை வாயில் சிறு மணிகள்போல் நீர்க்கொப்புளங்கள் இருப்பதைப் பற்றி எழுதினார். அவை பெண்ணின் கருமுட்டைகள் என்று அவர் முடிவு செய்தார். அந்த முடிவு தவறு. பாலூட்டிகளின் உண்மையான முட்டையைக் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் கண்டு சொன்னது 1827-இல்தான். ஆனாலும் நபோத்தின் பெயர் அந்தக் கொப்புளத்துக்கே நிலைத்துவிட்டது. இன்றும் மருத்துவர்கள் அதை ‘நபோத் நீர்ப்பை’ என்றே எழுதுகிறார்கள்.

உண்மையில் நடப்பது மிக எளிது. நெற்றியில் பரு எப்படி வருகிறது? எண்ணெய்ச் சுரப்பியின் வாய் அடைபட்டு, உள்ளே சுரப்பது வெளியேற வழியில்லாமல் வீங்குகிறது. இங்கும் அதேதான். தட்டைச் செல்கள் வளர்ந்து ஒரு சுரப்பியின் வாயை மூடிவிடுகின்றன. சுரப்பியோ சுரந்துகொண்டே இருக்கிறது. நீர் தேங்கிச் சில மில்லிமீட்டர் அளவில் ஒரு கொப்புளம் உண்டாகிறது. பிள்ளை பெற்ற பெண்களில் இது மிகச் சாதாரணம். பெரும்பாலும் எந்தச் சிகிச்சையும் தேவைப்படாது.

இரண்டாவது வகை பாலிப். உள்பாதையின் மேல்தோல் சிறு காம்புடன் வளர்ந்து தொங்கும் மென்மையான சதை இது. சில சமயம் இரத்தக்கசிவு தரும். மருத்துவர்கள் இதை எளிதாக அகற்றிவிடுவார்கள்.

மூன்றாவது, பெயரில் மட்டும் பயமுறுத்தும் நுண்சுரப்பி மிகைவளர்ச்சி. கர்ப்ப காலத்திலும், கருத்தடை மாத்திரை எடுக்கும் காலத்திலும் ஹார்மோன்களின் தாக்கத்தால் சுரப்பிகள் நெருக்கமாகப் பெருகுகின்றன. 1967-இல் அமெரிக்க நோயியல் மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். மாத்திரை எடுத்த பெண்களிடம் கண்ட இந்த மாற்றத்தைப் புற்றுநோய் என்று எண்ணிவிடக் கூடாது என்பதே அவர்கள் சொல்ல வந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த அளவுக்கு இது புற்றுநோயைப்போல் வேடம் போடும்.

தொடர்பு மூன்று வகை

இவற்றுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டா என்று நீங்கள் கேட்பீர்கள். ‘தொடர்பு’ என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. கைப்பேசியில் தேடும்போது குழப்பம் வருவதற்கு இதுதான் காரணம்.

முதல் பொருள், தோற்ற ஒற்றுமை. நுண்சுரப்பி மிகைவளர்ச்சி புற்றுநோய்போல் தெரியும், ஆனால் புற்றுநோய் ஆவதில்லை. மணத்தக்காளிப் பழமும் காட்டில் விளையும் நச்சுப் பழமும் ஒரே நிறத்தில் இருப்பதால் ஒன்று மற்றொன்றாக மாறிவிடுமா? பிரித்துப் பார்க்கத் தெரிந்த கண் வேண்டும், அவ்வளவுதான். அதற்கு நோயியல் நிபுணர்கள் சிறப்புச் சாயங்களைப் பயன்படுத்துகிறார்கள். பி16 என்ற புரதத்தைக் காட்டும் சாயம், வைரஸால் வந்த புற்றுநோயில் அழுத்தமாகத் தொடர்ந்து படியும். இந்த வேடதாரியில் படியாது, அல்லது அங்கங்கே திட்டுத்திட்டாகத்தான் படியும்.

இரண்டாவது பொருள், அண்டை வீடு. நீர்ப்பையும் பாலிப்பும் இருக்கும் அதே கருப்பை வாயில், சில அங்குலம்கூட வேண்டாம், சில மில்லிமீட்டர் தள்ளி வேறொரு காரணத்தால் புற்றுநோயின் முன்நிலை இருக்கக்கூடும். ஒன்று மற்றதை உண்டாக்கவில்லை. ஆனால் நீர்ப்பை தீங்கற்றது என்று சொன்ன தாள், அண்டை வீட்டுக்கு உத்தரவாதம் தரவில்லை. அகற்றிய பாலிப்பைக் குப்பையில் போடாமல் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதும் இதனால்தான். மிக மிக அரிதாக அதற்குள் கெட்ட செல்கள் இருக்கும்.

மூன்றாவது பொருள், உண்மையாகவே ஒன்று மற்றொன்றாக மாறுவது. சுரப்பிச் செல்களில் வரும் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணம் எச்.பி.வி. என்னும் வைரஸ். அதிலும் 16, 18 என்ற எண் கொண்ட வகைகள். இவை முதலில் செல்லுக்குள் புகுந்து, ஆண்டுக்கணக்கில் தங்கி, இருந்த இடத்திலேயே கெட்டுப்போன செல்களை உண்டாக்குகின்றன. அந்த முன்நிலையைப் பிடித்து அகற்றாவிட்டால் அது புற்றுநோயாகப் பரவும். இந்த முன்நிலை ‘தீங்கற்ற’ பட்டியலில் சேராது. தாளில் அதற்கு வேறு பெயர் இருக்கும்.

இதில் ஒரு விதிவிலக்கும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1999-இல் அமெரிக்க நோயியல் நிபுணர்கள், மடல் மடலாக வளரும் ஒரு சுரப்பி மிகைவளர்ச்சியைத் தனியாகப் பிரித்து விவரித்தார்கள். தீங்கற்றது என்றே அதற்குப் பெயர் கொடுத்தார்கள். பின்னர், குறிப்பாக ஜப்பானில் நடந்த ஆய்வுகளில், இந்த வளர்ச்சி இரைப்பைச் சுரப்பிபோன்ற சளியைச் சுரப்பதும், எச்.பி.வி.யே இல்லாமல் வரும் ஓர் அரிய புற்றுநோயின் பக்கத்தில் பல முறை காணப்படுவதும் தெரியவந்தது. இதில் சில, காலப்போக்கில் அந்தப் புற்றுநோயின் முன்நிலையாகலாம் என்று இன்று பலர் கருதுகிறார்கள். 2020-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வகைப்பாடு, சுரப்பிப் புற்றுநோய்களை எச்.பி.வி.யால் வருபவை, எச்.பி.வி. இல்லாமல் வருபவை என்று இரண்டாகப் பிரித்தது. தீங்கற்றது என்ற பெயர்கூட அறிவு வளர வளரத் திருத்தப்படும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

ஹென்ரியெட்டா லேக்ஸ்

‘ஒன்னும் இல்ல’ என்ற சொல்லை ஏன் வாழ்நாள் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது? இதற்கு உலகமே அறிந்த ஒரு பெண்ணின் கதை இருக்கிறது.

ஹென்ரியெட்டா லேக்ஸ், அமெரிக்காவின் பால்டிமோர் நகருக்கு அருகே வாழ்ந்த ஆப்பிரிக்க அமெரிக்கத் தாய். 1950 செப்டம்பரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஐந்தாவது பிள்ளையைப் பெற்றார். பிரசவத்தின்போதும், அதற்கு ஆறு வாரம் கழித்து வந்த பரிசோதனையின்போதும் அவருடைய கருப்பை வாயில் கோளாறு இருந்ததாக எந்தக் குறிப்பும் இல்லை. சில மாதங்கள்தான் கடந்தன. 1951-இன் தொடக்கத்தில் இரத்தப்போக்குடன் அதே மருத்துவமனைக்கு வந்தார். கருப்பை வாயில் புற்றுக்கட்டி இருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 4-ஆம் தேதி, 31 வயதில் இறந்துபோனார்.

சிகிச்சையின்போது, அவரிடம் அனுமதி கேட்காமல் எடுத்த செல்களை ஜார்ஜ் கே என்ற விஞ்ஞானி ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார். அவை சாகாமல் பெருகிக்கொண்டே இருந்தன. அவைதாம் ‘ஹீலா’ செல்கள். போலியோ தடுப்பூசிச் சோதனை முதல் இன்றுவரை உலகின் எண்ணற்ற ஆய்வுக்கூடங்களில் அவை வாழ்கின்றன.

நம் கட்டுரைக்கு வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. 1951-இல் அவருக்கு வந்தது தட்டைச் செல் புற்றுநோய் என்று பதிவானது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, பழைய திசுவை எடுத்து மறுபடி பார்த்த மருத்துவர்கள், அது சுரப்பிச் செல் புற்றுநோய் என்று திருத்தினார்கள். 1980-களில் ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசன் குழுவினர் எச்.பி.வி. 16, 18 வகைகளைக் கண்டறிந்தபோது, ஹீலா செல்களுக்குள் எச்.பி.வி. 18 இருப்பதும் தெரிந்தது. சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பாருங்கள், உலகின் தலைசிறந்த மருத்துவமனைகளில் ஒன்றிலேயே சுரப்பிச் செல்லின் கோளாறு முதலில் குறிப்பில் இல்லை, பிறகு பெயரும் மாறிப் பதிவானது. யாரையும் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. சுரப்பிச் செல்கள் ஒளிந்து விளையாடுவதில் அவ்வளவு கெட்டிக்கார செல்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

எட்டாத இடத்துக்கு எந்தச் சோதனை?

உங்கள் அம்மா ‘பேப் ஸ்மியர்’ என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கிரேக்க நாட்டில் பிறந்து நியூயார்க்கில் பணியாற்றிய ஜியார்ஜியோஸ் பாப்பனிகொலாவின் பெயரின் சுருக்கம்தான் அந்த ‘பேப்’. கருப்பை வாயிலிருந்து உதிரும் செல்களைத் தடவி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் முறை இது. ஹெர்பர்ட் டிராட்டுடன் சேர்ந்து 1941-இல் அவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு இது உலகெங்கும் பரவியது. ஒழுங்காக இதைச் செய்த நாடுகளில் தட்டைச் செல் புற்றுநோய் வெகுவாகக் குறைந்தது. சுரப்பிச் செல் புற்றுநோய் அந்த அளவுக்குக் குறையவில்லை. சில நாடுகளில் இளம்பெண்களிடையே கூடவும் செய்தது. சுரப்பிகள் உள்பாதையில் இருப்பதால் தூரிகை எல்லா இடத்தையும் தொடுவதில்லை. தொட்டாலும், கெட்டுப்போன சுரப்பிச் செல்லை அடையாளம் காண்பது கடினம்.

எச்.பி.வி. சோதனை வேறு வழியில் போகிறது. செல்லின் முகத்தைப் பார்க்காமல், உள்ளே வைரஸின் மரபணு இருக்கிறதா என்று கேட்கிறது. ஐரோப்பாவின் நான்கு நாடுகளில் 1 லட்சத்து 76 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, 2014-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் வெளியிட்டது. செல்களைப் பார்க்கும் சோதனையைவிட எச்.பி.வி. சோதனை 60 முதல் 70 விழுக்காடு அதிகப் பாதுகாப்புத் தந்தது. அந்த நன்மை சுரப்பிச் செல் புற்றுநோயில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

‘இதெல்லாம் ஐரோப்பாவில் நடக்கும், தோட்டத்தில் நடக்குமா’ என்று யாராவது கேட்டால், தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தைக் காட்டுங்கள். 2000-ஆம் ஆண்டு அங்கே ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற தாதியர் கிராமம் கிராமமாகப் போனார்கள். 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களின் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவினார்கள். நம் சமையலறை வினிகரில் இருப்பதும் அதே அமிலம்தான். கெட்டுப்போகத் தொடங்கிய செல்கள் ஒரு நிமிடத்தில் வெளுத்துக் காட்டும். முப்பத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பரிசோதனைக்கு வந்தார்கள். தேவைப்பட்டவர்களுக்குத் தாதியரே உறையவைக்கும் சிகிச்சையும் தந்தார்கள். 2007-இல் வெளியான முடிவின்படி, பரிசோதனை நடந்த ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணங்கள் மற்ற ஊர்களைவிட 35 விழுக்காடு குறைவாக இருந்தன.

இந்த ஆய்விலிருந்து இரண்டு செய்திகளை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, பெரிய கட்டடங்கள் இல்லாமலே உயிர்களைக் காக்க முடியும், கதவருகே போனால் பெண்கள் வருவார்கள். மற்றொன்று, கண்ணால் பார்க்கும் முறைக்கு உள்பாதை தெரியாது. சுரப்பிச் செல்கள் அங்கேயும் தப்பிவிடலாம். ஆகவே திண்டுக்கல்லின் கால்களும் எச்.பி.வி. சோதனையின் கண்களும் சேரவேண்டும்.

அந்தச் சேர்க்கை நம் மலேசியாவிலேயே தொடங்கிவிட்டது. 2018-இல் மலாயாப் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலிய அமைப்பு ஒன்றும் சேர்ந்து ‘ரோஸ்’ திட்டத்தை முன்னோட்டமாக ஆரம்பித்தன. பஞ்சு முனை கொண்ட ஒரு குச்சியைக் கொண்டு பெண்ணே தன் மாதிரியைத் தானே எடுத்துக்கொள்ளலாம். யாரும் பார்க்க வேண்டியதில்லை. முடிவு கைப்பேசிக்கு வரும். சுகாதார அமைச்சும் 2019 முதல் எச்.பி.வி. சோதனையைக் கொண்டுவரத் தொடங்கியது.

மலைமேல் வரவேண்டியது

இனி நம் ஊருக்கு வருவோம். கோலா தெர்லாவிலிருந்து தானா ராத்தாவில் இருக்கும் சுல்தானா ஹஜா கல்சோம் மருத்துவமனைக்குப் போக, திரிங்காப், கியா பண்ணை, பிரிஞ்சாங் என்று வளைந்து வளைந்து போகவேண்டும். பள்ளி விடுமுறையில் சுற்றுப்பயணிகளின் கார்கள் வரிசைகட்டி நிற்கும். ஒருநாள் சம்பளம், பேருந்துக்குக் காத்திருப்பு, ஆண் டாக்டராக இருந்துவிடுமோ என்ற கூச்சம், ‘எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன்’ என்ற எண்ணம் எல்லாம் சேர்ந்தால் எந்த அம்மாவும் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றுதான் சொல்வார்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். மலேசியப் பள்ளிகளில் எச்.பி.வி. தடுப்பூசித் திட்டம் 2010-இல், 13 வயது மாணவிகளுக்குத் தொடங்கியது. அப்படியானால் 1997-இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குத்தான் அது பள்ளியில் கிடைத்தது. உங்கள் அம்மா பிறந்த ஆண்டு என்ன? பெரும்பாலும் அதற்கு முன்பாகத்தான் இருக்கும். உங்களுக்குக் கையில் ஊசியாக வந்த பாதுகாப்பு அவருக்குப் பள்ளியில் வரவில்லை. அவருக்கு இருப்பது பரிசோதனை ஒன்றுதான். நான் மெத்தனத்தை ஆபத்து என்று சொல்வது இதனால்தான்.

ஆகவே என் கோரிக்கைகள் இரண்டு. முதலாவது, தானே மாதிரி எடுக்கும் சோதனை தோட்டத்து வாசலுக்கே வரவேண்டும். தடுப்பூசி போட மிஸ்ஸிகள் பள்ளிக்கு வருவதுபோல், ஆண்டில் ஒருநாள் லயத்து வீடுகளுக்கும் வரலாம். தமிழ்ப் பெண்களுக்கு மட்டுமின்றி, இன்று கொழுந்து பறிக்கும் வெளிநாட்டுப் பெண்களுக்கும் அது கிடைக்கவேண்டும். இரண்டாவது, பரிசோதனை அறிக்கையுடன் அந்தப் பெண் வாசிக்கும் மொழியில் இரண்டு வரி எழுதித் தரவேண்டும்: கண்டது என்ன, அடுத்து எப்போது வரவேண்டும். படிவம் மூன்று மாணவியின் கைப்பேசியை நம்பி ஒரு தாயின் உயிரை விடக்கூடாது.

‘இப்படித் தேடித்தேடிச் சோதித்தால் வீண் பயம்தானே வளரும், தேவையில்லாத அறுவைச் சிகிச்சையில் முடியாதா’ என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தீங்கற்ற சுரப்பி மாற்றத்தைப் புற்றுநோய் என்று தவறாக எண்ணினால் அந்தப் பெண்ணுக்கு அது கொடுமை. ஆனால் அதற்கு மருந்து, சோதனையை நிறுத்துவது அல்ல. தேர்ந்த நோயியல் நிபுணரின் கண்ணும், சந்தேகம் வந்தால் இன்னொருவரிடம் கேட்கும் வழக்கமும், நோயாளிக்குப் புரியும் விளக்கமும்தான் மருந்து. எச்.பி.வி. இருக்கிறது என்று வந்தாலும் புற்றுநோய் வந்துவிட்டது என்று பொருளில்லை. இந்த வைரஸ் பாலுறவுத் தொடர்பால் பரவுகிறது. ஆண், பெண் பெரும்பாலோருக்கும் வாழ்நாளில் ஒருமுறையாவது தொற்றுகிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு ஆண்டில் உடலே அதை விரட்டிவிடுகிறது. அது யாருடைய ஒழுக்கத்துக்கும் மதிப்பெண் போடும் தாள் அல்ல.

நீங்கள் செய்யக்கூடியது

அடுத்த முறை அம்மா ஒரு தாளை நீட்டினால், கைப்பேசியில் தேடுவதற்கு முன் மூன்று கேள்விகளை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். கிளினிக்கில் மிஸ்ஸியிடமோ டாக்டரிடமோ அம்மா கேட்கட்டும். “இதற்குப் பெயர் என்ன, இது புற்றுநோயின் முன்நிலையா?” “எச்.பி.வி. சோதனை செய்தீர்களா, முடிவு என்ன?” “நான் அடுத்து எப்போது வரவேண்டும்?” நம் நாட்டு வழிகாட்டியில், 30 முதல் 65 வயதுவரை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எச்.பி.வி. சோதனை என்று இருக்கிறது. முடிவைப் பொறுத்து டாக்டர் அதை மாற்றிச் சொல்லலாம். அவர் சொல்லும் தேதியை நாட்காட்டியில் நீங்களே குறித்துவையுங்கள்.

மாதவிடாய் இல்லாத நாளில் இரத்தக்கசிவு, மாதவிடாய் நின்ற பிறகு இரத்தக்கசிவு, நிற்காமல் நீர்போல் வெள்ளைப்படுதல் ஆகியவை இருந்தால் போன மாதத் தாள் என்ன சொன்னது என்று பார்க்காமல் டாக்டரிடம் போகவேண்டும். எச்.பி.வி. இல்லாமல் வரும் அந்த அரிய புற்றுநோயை எச்.பி.வி. சோதனையும் தடுப்பூசியும் பிடிக்காது. உடல் சொல்லும் அறிகுறிதான் அங்கே முதல் சோதனை.

தங்கைகளே, பள்ளியில் தடுப்பூசிக்கான ஒப்புதல் படிவம் கொடுத்தால் அதைப் புத்தகப்பையின் அடியில் கசங்கவிடாதீர்கள். ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொண்ட பெண்களை ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் பரவும் கருப்பை வாய்ப் புற்றுநோய் பதிவாகவில்லை என்று 2024-இல் அறிவித்தார்கள். தம்பிகளே, ஆண்களுக்குத் தொண்டைப் புற்றுநோய் தருவதிலும் இதே வைரஸுக்குப் பங்கு உண்டு. ஆஸ்திரேலியா 2013 முதல் மாணவர்களுக்கும் இந்த ஊசியைப் போடுகிறது. இதைப் பற்றிக் கேலி இல்லாமல் பேசக் கற்றுக்கொள்வதே நீங்கள் செய்யும் முதல் உதவி.

கட்டுரையின் தொடக்கத்தில் விட்டுவந்த அந்த வீட்டுக்கு மறுபடி போவோம். மகள் தாளை இன்னொரு முறை நிதானமாக வாசிக்கிறாள். ‘பெனைன்’ என்ற சொல்லைக் கண்டுபிடிக்கிறாள். “அம்மா, இப்போதைக்கு பயப்பட ஒன்னும் இல்ல. ஆனா எச்.பி.வி. சோதனை செஞ்சாங்களான்னு இதுல இல்ல. அடுத்த வாரம் நானும் வர்றேன், கேட்டுட்டு வருவோம்” என்கிறாள்.

அந்த மகள் சொன்னதுதான் சரியான வாசிப்பு. உங்கள் வீட்டிலும் அலமாரியில் அப்படி ஒரு தாள் மடித்துக் கிடக்கலாம். இன்று இரவு எடுத்து, அதில் போட்டிருக்கும் தேதியைப் பாருங்கள்.